உப்பு மாவில் செய்த விளக்கு

அந்த வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் பூமயில் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

பூமயில். ஐந்து வயது. என் பாலவாடிக்கு வருகிறவள்.

அவள் தம்பி முனியசாமி. இரண்டரை வயது. வேப்ப மரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தான்.

அவர்களுடைய பெரியய்யா, அதாவது அப்பாவுக்கு அண்ணன். கையில் செம்பு.

பக்கத்து வீட்டு ராக்காயி. தலையில் குடம்.

நான். பாலவாடி டீச்சர். வயது இருபது. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

பிள்ளைகளின் அய்யா உயிரோடு இல்லை. ஆத்தா உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தாள். உச்சிப்புளியிலிருந்து தாதியம்மா வந்தது பிறகு.

இதை அங்கன்வாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத வராது. நாலு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். பாட்டு, கதை, எடை பார்ப்பது, பதிவேடு எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். அன்று என் வாய் ஓரிடத்தில் நின்றது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஊர் உச்சிப்புளிக்குத் தெற்கே, புதுமடம் போகிற வழியில் உள்ளே தள்ளி. எல்லாம் வெள்ளாமைக்காரர்கள். மழை பெய்தால் வயல். பெய்யாவிட்டால் பெண்கள் உப்பளத்துக்கு நடப்பார்கள். சாயந்திரம் திரும்பும்போது மடியில் ஒரு கை உப்பு கட்டி வருவார்கள். எந்த வீட்டிலும் உப்புக்குப் பஞ்சமில்லை. நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிணறு எல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் மணலில் தோண்டிய ஊற்றில் கசியும். சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைக்க அரை நாள் ஆகும். ஆடி மாதத்தில் அதற்கும் வரிசை.

நான் அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம். ராமநாதபுரத்தில் ஆறு வாரம் பயிற்சி. அங்கேதான் ஒரு அம்மா உப்பு மாவு சொல்லிக் கொடுத்தார். கோதுமை மாவு இரண்டு பங்கு, பொடித்த உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பிசைந்து பொம்மை செய்து வெயிலில் காய வைத்தால் கல் மாதிரி நிற்கும். உப்பு இருப்பதால் புழு வைக்காது. எங்கள் பக்கம் மணல். பொம்மைக்கு ஏற்ற களிமண் கிடையாது. அதனால் இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

பிள்ளைகளின் கஞ்சிக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவு தருவார்கள். அதில் ஒரு டின்னில் வண்டு விழுந்துவிட்டது. கஞ்சிக்கு ஆகாது. வியாழக்கிழமை காலையில் அதைக் கொட்டிச் சலித்துப் பிசைய உட்கார்ந்தோம். பதினாறு பிள்ளைகள்.

அப்போது பூமயிலின் பெரியய்யா சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, பலகாரம் சுடுறீகளா?"

"பொம்மை செய்யுறோம்யா."

"மாவுலயா? எங்க வீட்டுல கூழுக்கு மாவில்ல. இங்கன பொம்ம மாட்டுக்கும் பொம்மக் கோழிக்கும் மாவாக்கும்."

"வண்டு விழுந்த மாவு, பெரியய்யா" என்றாள் பூமயில்.

"வண்டுக்குத் தெரியுது அது திங்கிற சாமானுன்னு. ஒங்க டீச்சருக்குத் தெரியலயே."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. டின்னை மூடினேன். எடுத்து வைத்த மாவில் பாதியைத் திரும்ப உள்ளே கொட்டினேன். குறைந்ததற்கு உப்பைக் கூட்டினேன். உப்புக்கு யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஒன்றுக்கு ஒன்று. பிசையும்போது கை எரிந்தது. எரிந்தும் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் மாடு செய்தார்கள், கோழி செய்தார்கள். ஒருத்தன் பஸ் செய்தான். பூமயில் விளக்கு செய்தாள். உள்ளங்கை அளவு. நடுவில் குழி, ஓரத்தில் திரிக்கு ஒரு மூக்கு. மஞ்சள் பொட்டு வேறு வைத்தாள். மறுநாள் ஆடி வெள்ளி. எந்த வீட்டைப் பார்த்தாலும் மாவிளக்குப் பேச்சு. அழகாக இருந்தது. எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைக்கச் சொன்னேன். "திங்கக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னேன். அவர்களும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். பூமயில் பிந்தி வந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் உட்காரவில்லை. இந்தக் காலை மாற்றி அந்தக் காலை மாற்றி நின்றாள்.

"உக்காருத்தா."

"உக்காரல. டீச்சர், தண்ணி வேணும்."

"பானையில இருக்கு, குடி."

"எனக்கில்ல. எங்க வீட்டுக் கொடத்துக்கு. தம்பி ஊத்துத் தண்ணி பூராத்தையும் குடிச்சுட்டான். ஆத்தா வந்தா என்னய அடிக்கும்."

நான் சிரித்தேன். "ஒரு கொடத்தையுமா? அவன் என்ன ஆனையா?"

"அடியில கெடந்தது. மூணு தம்ளரு. இன்னும் தண்ணி தண்ணிங்கான்."

இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினேன். மூன்றாவது தட்டில் கரண்டி நின்றது.

"தம்பி என்னத்தத் தின்னான்?"

"பெரசாதம்."

"கோயில்லயா?"

"இல்ல டீச்சர். நாந்தான் வீட்டுல சாமி கும்பிட்டேன். தம்பிக்கு எப்பவும் வயித்துவலில்ல? அதான் அவனப் படுக்க வெச்சு வயித்துல வெளக்கு வெச்சேன்."

எங்கள் பக்கத்தில் அது உண்டு. வயிற்று நோவு தீர வேண்டிக்கொண்டவர்கள் அம்மன் சன்னிதியில் மல்லாக்கப் படுத்து, வயிற்றில் வாழையிலை போட்டு, அதன் மேல் மாவிளக்கு ஏற்றுவார்கள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த விளக்கு. திரி எரிந்து முடிந்ததும் அந்த மாவைப் பிட்டுப் பிரசாதமாகத் தின்பார்கள். பூமயில் போன ஆடியில் பார்த்திருக்கிறாள்.

"எந்த வெளக்கு?" என்றேன்.

நான் மக்கு என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "நேத்துச் செஞ்சமே, அதுதான்."

"திங்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அது மாவத்தான சொன்னீக. சாமிக்கு ஏத்துன பெறகு அது பெரசாதம். நான் தின்னல. அவனுக்குத்தான் நோவு, அவனுக்குக் குடுத்தேன்."

"துப்பலயா அவன்?"

"ரெண்டு வாட்டித் துப்புனான். பெரசாதத்தத் துப்பக் கூடாதுன்னு வாயப் பொத்திட்டேன். பெறகு கருப்பட்டி வெச்சுக் குடுத்தேன். தின்னான்."

கரண்டியைக் கஞ்சி காய்ச்சுகிற அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மணல் சுட்டது. செருப்பு எங்கே போட்டேன் என்று தெரியாது. பூமயில் எனக்கு முன்னால் ஓடினாள். அப்போதும் "ஆத்தாகிட்ட சொல்லாதீக" என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

முனியசாமி வாயைத் திறந்து திறந்து மூடினான். நாக்கு வெளுத்து ஒட்டியிருந்தது. ஒரு தடவை கக்கியிருந்தான். கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் திடுக்கென்று திறப்பான், மறுபடி செருகும். வேலியோரம் அரளிச் செடி. பெரியய்யா அதைப் பார்த்திருக்கிறார். செம்பில் உவர்த்தண்ணீர் மொண்டு, கைநிறைய உப்பு அள்ளிப் போட்டு விரலால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அரளி வெதயத் தின்னுருக்கான். இத ஊத்துனா கக்கிருவான்."

அதில் தப்பு சொல்ல முடியாது. விஷம் தின்றவனுக்கு உப்பைக் கரைத்து ஊற்றிக் கக்க வைப்பது ஊர் வழக்கம். நானே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

"குடுக்காதீக" என்றேன்.

"ஏன்?"

இங்கேதான் வாய் நின்றது.

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆடு தெரியும். எங்கள் வீட்டுக் கிடாய் ஒன்று உப்புச் சாக்கைக் கிழித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி விழுந்து செத்தது. சாகும்போது அதற்கும் நாக்கு இப்படித்தான் இருந்தது. ஆகையால் இன்னும் ஒரு வாய் உப்பு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். மாவு சர்க்கார் மாவு. உப்பைக் கூட்டியது நான். கூட்டியது இந்த மனிதரின் பேச்சுக்குப் பயந்து. மூன்று மாத வேலை. சொன்னால் அதுவும் போய்விடும்.

"சும்மா வேண்டாம்யா" என்றேன்.

"சும்மாவா? பிள்ள கண்ணு செருகுது, சும்மாங்கிற. தள்ளு அங்குட்டு."

பையனின் தாடையைப் பிடித்து ஊற்றினார். ஒரு வாய் உள்ளே போயிற்று. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

செம்பைத் தட்டிவிட்டேன். அது உருண்டு ராக்காயி காலில் போய் முட்டியது.

"அரளி இல்ல. உப்பு. நான் பிசைஞ்ச மாவுல செஞ்ச வெளக்கத் தின்னுருக்கான். இன்னும் உப்பு போனா செத்துப்போவான்."

அவர் கை ஓங்கியபடி நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"எம்புட்டு உப்பு?" என்று கேட்டார்.

"மாவு எம்புட்டோ அம்புட்டு."

"எம்புட்டுத் தின்னான்?"

பூமயில் கையை விரித்துக் காட்டினாள். பாதி விளக்கு.

"தாதியம்மா இன்னைக்கு உச்சிப்புளியில இருக்கும். கூட்டியாறேன்" என்று சைக்கிளை எடுத்தார். மணலில் சக்கரம் புதைந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கெட்டித் தரைவரை ஓடினார்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். அவர் கெட்டவர் இல்லை. உண்மை தெரியாததால், நல்ல மனசோடு தப்பான மருந்தைக் கொடுத்தார். தெரிந்தவள் நான். நான் சொல்ல எடுத்துக்கொண்டது பத்து எண்ணும் நேரம் இருக்குமா? அந்தப் பத்துக்குள் ஒரு வாய் போயிற்று. வேலையில் தப்பு வரும். உங்களுக்கும் வரும். வந்தால் முதல் பேச்சு அதுவாக இருக்கட்டும். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. உவர்த்தண்ணீர் கொடுக்க முடியாது. ராக்காயி தலையில் குடத்தோடு நின்றாள். விடிவதற்கு முன் ஊற்றுக்குப் போய் அப்போதுதான் திரும்பியவள். அவள் வீட்டில் ஐந்து வாய். நான் குடத்தைப் பார்த்தேன்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? எறக்கு" என்றாள்.

அடுத்த தப்பு உடனே செய்தேன். அவசரத்தில் தம்ளரை வாயில் வைத்துச் சாய்த்தேன். இழுத்து இழுத்துக் குடித்தான். மறுபடி ஊற்றினேன். எல்லாவற்றையும் என் மேலேயே கக்கினான். உடம்பு தொய்ந்தது.

"ஏட்டி, நிறுத்து" என்றாள் ராக்காயி. "கொல்லப் போற." உள்ளே போய்ச் சங்கை எடுத்து வந்தாள். பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னச் சங்கு. முனியசாமிக்குப் புகட்டியதே அதில்தானாம்.

தாதியம்மா சைக்கிள் கேரியரில் பக்கவாட்டாக உட்கார்ந்து வந்து இறங்கினார். அவர் பேர் கடைசிவரை நான் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தாதியம்மாதான். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

"காலைல" என்றாள் பூமயில்.

என்னிடம் கேட்டார். சொன்னேன். உப்பு அளவு, மாவு அளவு, செம்பிலிருந்து போன ஒரு வாய், நான் தம்ளரில் ஊற்றியது எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை வாய் நிற்கவில்லை. அவர் திட்டவில்லை. "ம்" என்றார்.

பெரியய்யா கேட்டார்: "ராம்நாட்டு ஆசுபத்திரிக்குத் தூக்கிறலாமா?"

"நாலு மணிக்குத்தான் பஸ். அதுவரைக்கும் இந்தத் தண்ணிதான் மருந்து. மடமடன்னு குடுக்காதே. ஒரு சங்கு குடு. நூறு எண்ணு. கக்கலேன்னா அடுத்த சங்கு. எத்தனைன்னு கணக்கு வெச்சுக்கோ, ஆசுபத்திரியில கேப்பாங்க. ஒண்ணுக்குப் போனான்னா பொழைச்சான். கை கால் வெட்டி இழுத்தா உடனே சொல்லு. நான் இங்கேயேதான் இருப்பேன்."

பிறகு சட்டென்று திரும்பி, "இதே மாவு இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு?" என்றார்.

பதினைந்து வீடு. அன்று ஆடி வெள்ளி. எழுந்து ஓடப் பார்த்தேன். மடியில் பையன். சங்கு கையில்.

"நீ எந்திரிக்காதே" என்றார் பெரியய்யா. "ஏத்தா பூமயிலு, யாரு யாரு என்னென்ன செஞ்சான்னு ஒனக்குத் தெரியுமில்ல? ஏறு."

அவளைச் சைக்கிளின் முன்கம்பியில் வைத்துக்கொண்டு போனார். தெருத் தெருவாக அவர் குரல் கேட்டது. "டீச்சரம்மா குடுத்த பொம்மைய யாரும் வாயில வைக்காதீக. வெளிய எடுத்து வையிங்க." அவள் குரல் கூடவே கேட்டது. "கோழி இன்னொண்ணு இருக்கு. அங்கன, அந்த வீட்டுல." ஒரு கூடை நிறையக் கொண்டு வந்தார்கள். ஒருத்தன் செய்த மாட்டுக்குக் கொம்பு இல்லை. பெரியய்யா அவனையும் தோளில் தூக்கி வந்து தாதியம்மா முன்னால் நிறுத்தினார். கொம்பு அவன் கால்சட்டைப் பையில் இருந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு, ஒரு சங்கு. நூறு, ஒரு சங்கு. கால் மரத்தது. ஓட வேண்டும்போல் இருந்தது. எங்காவது, கடற்கரைவரை. இந்த வேலையில் ஓடுவது சுலபம். உட்கார்ந்து எண்ணுவதுதான் கஷ்டம்.

அதற்குப் பிறகு உப்பு மாவை விட்டுவிட்டீர்களா என்று கேட்பீர்கள். விடவில்லை. வேலையில் இருந்த வரைக்கும் பிசைந்தேன். மாவு இரண்டு, உப்பு ஒன்று, அதோடு வேப்பிலை அரைத்த சாறு. நாக்கில் பட்டால் பிள்ளை தானே துப்பும். எந்தப் பொம்மையும் என் வாசலைத் தாண்டவில்லை. பிள்ளைகளிடம் "திங்காதே" என்று சொல்வதோடு நிறுத்தவில்லை. "இத வெச்சு என்ன வெளையாடுவே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். என்னென்ன சொல்வார்கள் தெரியுமா? நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அன்று முப்பது சங்கைத் தாண்டிய பிறகு பூமயிலின் ஆத்தா வந்தாள். உப்பளத்துக்கு யாரோ ஆள் அனுப்பியிருந்தார்கள். முழங்கால் வரை உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. மூச்சு வாங்கியது. பூமயில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

யாரும் வாய் திறப்பதற்கு முன் நான் சொன்னேன். "உப்பு நான் போட்டது. அளவுக்கு மேல போட்டேன். அவள அடிக்காதீக."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தாள். தாதியம்மாவைப் பார்த்தாள். நேராகப் போய் உவர்த்தண்ணீர்ப் பானையில் முழங்கைவரை கழுவினாள். திரும்பவும் கழுவினாள். சேலையில் துடைத்துவிட்டு, விரலை நாக்கில் வைத்து உப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்து பையனை வாங்கினாள்.

"சங்கக் குடு."

கொடுத்தேன்.

"எத்தன?"

"முப்பத்தெட்டு."

"நூறு நீ எண்ணு. எனக்கு அம்புட்டு வராது."

நான் எண்ணினேன். அவள் புகட்டினாள். பூமயில் என் முதுகிலிருந்து நகர்ந்து போய் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளை விலக்கவில்லை.

வெயில் மரத்தைச் சுற்றித் திரும்பிற்று. ராக்காயியின் குடத்தில் அடி தெரிந்தது. பெரியய்யா சைக்கிளைத் துடைத்தார், காற்றுப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"பஸ்ஸுக்குக் கெளம்பணும்" என்றார் தாதியம்மா.

பெரியய்யா பையனைத் தூக்கக் குனிந்தார். ஆத்தா எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு குடுத்துர்றேன்."

சங்கைச் சாய்த்தாள். முனியசாமி விழுங்கினான். கண்ணைத் திறந்து அவள் மூக்குத்தியையே பார்த்தான். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபதோ இருபத்தைந்தோ ஆகியிருக்கும். அவள் கை அப்படியே நின்றது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பையன் கிடந்த மடியிலிருந்து கீழே மணல்வரை நனைந்து போயிருந்தது.

தாதியம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எத்தனாவது சங்கு?"

நானும் அவளும் ஒன்றாகச் சொன்னோம்.

"அம்பத்தேழு."